டெல்பின் மடிப்பு

பெண்டாட்டி செத்து எட்டு மாசம்கூட ஆகவில்லை, அதற்குள் கிளைட்டன் கென்யாவுக்குச் சிங்கம் பார்க்கக் கிளம்பிவிட்டார் என்று தெருவே பேசியது.

பேசட்டும். அந்தப் பயணத்துக்கு இரண்டு பேர் பேரையும் கொடுத்து வைத்தவளே பெண்டாட்டி டெல்பின்தான் என்பது தெருவுக்குத் தெரியுமா?

துறைமுகத்தில் முப்பது வருஷம் கிரேன் ஓட்டிய மனுஷன். யார் சொல்லையும் கேட்கிற ரகமில்லை. எதைக் கொண்டுவரலாம், எதைக் கொண்டுவரக் கூடாது என்று காட்டுக்குள் கூட்டிப்போகிற வழிகாட்டி அனுப்பிய பட்டியலை டெல்பின் சாகும் முன்பே அலமாரிக் கதவில் ஒட்டி வைத்திருந்தாள். இவர் அதைப் படிக்கவே இல்லை. கைக்குக் கிடைத்த துணியை எல்லாம் ஜவுளிக்கடை பிளாஸ்டிக் கவர்களில் திணித்துப் பையை மூடிவிட்டு, புதன்கிழமை காலை மாதா கோயில் பூசைக்குப் போனார்.

போகும்போது பின்கதவுக்கு உள்தாழ்ப்பாள் போட்டார். முன்கதவைப் பூட்டினார். தினமும் செய்கிறதுதான்.

திரும்பி வந்தால், பை திறந்து கிடக்கிறது. அவர் உள்ளே திணித்திருந்த கருநீலச் சட்டை இரண்டும் கொடியில் தொங்குகின்றன. மிச்சச் சட்டைகள் எல்லாம் டெல்பின் மடிப்பில் இருந்தன. கைகளை உள்ளே மடக்கி, பாய் மாதிரி இறுக்கிச் சுருட்டி, நுனியை அதற்குள்ளேயே சொருகிவிடுவாள். ஊரில் வேறு யாரும் அப்படி மடித்து அவர் பார்த்ததில்லை.

அறையில் தைல வாசம் வேறு. டெல்பின் எந்நேரமும் கையில் தேய்ப்பாளே, அதே தைலம்.

அப்போதுதான் பட்டியலைப் படித்தார். கருநீலத் துணி கூடாது, அந்த நிறத்தைத் தேடி வந்து கடிக்கிற ஈ அங்கே உண்டு என்று போட்டிருந்தது.

வியாழக்கிழமை பிளாஸ்டிக் கவர்கள் போய்த் துணிப்பைகள் வந்திருந்தன. பிளாஸ்டிக் பையோடு அந்த நாட்டுக்குள் வராதீர்கள் என்பது பட்டியலில் ஏழாவது வரி. வெள்ளிக்கிழமை அவருடைய பிரஷர் மாத்திரைகள் பத்து நாளைக்குப் பிரித்து வைக்கப்பட்டிருந்தன. மூன்று நாளும் பின்கதவுத் தாழ்ப்பாள் விலகிக் கிடந்தது. வெளியே இருந்து அதைத் திறக்க வழியே கிடையாது.

எதிர்வீட்டு ரோச்சிடம் சொன்னார். களவாணி எவனாவது இருக்கும் என்றார் ரோச்.

"ஏலே, களவாணி வந்து சட்டையை மடிச்சு வச்சிட்டுப் போவானா?"

ரோச் சிலுவை போட்டுக்கொண்டார். பாதிக் காபியோடு எழுந்து போய்விட்டார்.

கிளைட்டனுக்கும் பயம்தான். ஆனால் பயத்தைவிடச் சந்தோஷம் அதிகம். காரணம் இருந்தது.

மகன் ஜெஸ்டின் நாலு வருஷத்துக்கு முன்னால் இசக்கிசெல்வி என்ற இந்துப் பெண்ணைக் கட்டிக்கொண்டு, பின்சந்திலேயே வாடகைக்குக் குடிவந்தான். அந்தப் பிள்ளையை ஒரு தடவையாவது வீட்டுக்குள் கூப்பிடுங்கள் என்று டெல்பின் கெஞ்சாத நாளில்லை. நான் உயிரோடு இருக்கிறவரை அவள் இந்த வாசப்படி மிதிக்கக் கூடாது என்று இவர் குதித்தார். கடைசிப் பத்து நாளும் டெல்பின் இவரிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. சுவரைப் பார்த்துப் படுத்தவள் அப்படியே போய்ச் சேர்ந்தாள்.

இப்போது அவளே வந்து பை அடுக்குகிறாள் என்றால், கோபம் தீர்ந்துவிட்டது என்றுதானே அர்த்தம்?

ஞாயிற்றுக்கிழமை விமானம். சனிக்கிழமை காலை தாழ்ப்பாளைப் போட்டு இரண்டு தடவை அசைத்துப் பார்த்துவிட்டுப் பூசைக்குப் போனவர், பாதியிலேயே எழுந்து வந்துவிட்டார். ஒரே ஒரு தடவை அவளைப் பார்த்துவிட வேண்டும்.

சத்தமில்லாமல் முன்கதவைத் திறந்தார். தைல வாசம் அடித்தது. பையின் முன்னால் முதுகைக் காட்டி உட்கார்ந்து ஒரு பெண் சட்டை சுருட்டிக்கொண்டிருந்தாள். உடுத்தியிருந்தது டெல்பினின் பச்சைச் சேலை.

"டெல்பின், எம்மேல கோவம் போயிருச்சா?"

அவள் திரும்பினாள். இசக்கிசெல்வி.

கிளைட்டன் கத்தினார். "அவ மாதிரியே மடிச்சு வச்சு என்னைய ஏமாத்துதியா?"

"ஏமாத்தல மாமா." அவள் சுவரோடு ஒட்டி நின்றாள். "அத்தைக்குக் கடைசி மூணு வருஷமா விரலே மடங்காதுல்லா? எப்படிச் சட்டை மடிப்பாவ? நீங்க பூசைக்குப் போனதும் பின்கதவைத் திறந்து விடுவாவ. நான் வந்து மடிச்சு வச்சிட்டு, நீங்க வாரதுக்குள்ள போயிருவேன்."

ஜவுளிக்கடையில் வேலை பார்த்தபோது பழகிய மடிப்பு அது என்றாள். சேலை அத்தை கொடுத்தது. மாமா பட்டியலைப் படிக்கமாட்டார், பையை நீதான் அடுக்க வேண்டும் என்று சொன்னதும் அத்தைதான்.

கிளைட்டன் கட்டிலில் உட்கார்ந்துவிட்டார். பக்கத்தில் படுத்திருந்தவளுக்கு விரல் மடங்காதது அவருக்குத் தெரியாது. தைலம் தேய்ப்பாள் என்று மட்டும்தான் தெரியும். அப்படியென்றால் டெல்பின் வரவே இல்லை. கோபமும் தீரவில்லை.

பிறகுதான் அவருக்கு உறைத்தது.

"உள்தாழ்ப்பாளை எப்படித் திறந்த?"

"தாழ்ப்பாளா? நாலு நாளும் கதவு திறந்துதான கிடந்துச்சு மாமா." அவள் கண் கலங்கியது. "நான் வருவேன்னு தெரிஞ்சு நீங்கதான் திறந்து போட்டுட்டுப் போறீயன்னு நெனச்சேன். அந்தத் தைரியத்துலதான் வந்தேன்."

கிளைட்டன் பின்கதவுப் பக்கம் திரும்பிப் பார்த்தார். காலையில் அந்தத் தாழ்ப்பாளை இரண்டு தடவை அசைத்துப் பார்த்துவிட்டுப் போனவர் அவர்.

"ஆமா, நான்தான் திறந்து வச்சேன்" என்றார் கடைசியில். "இனிமே முன்வாசல் வழியாவே வா."

அவர் சொல்லி முடிக்கவும், பின்கட்டில் யாரோ கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போடுகிற சத்தம் கேட்டது.