எந்த நாடு?

நாலாயிரத்து நூற்று முப்பது ரூபாய் பாக்கி என்று பாவாயியின் செல்போனுக்குச் செய்தி வந்திருந்தது. முதியோர் எழுத்தறிவுத் தேர்வுக்கான கட்டணமாம். சாயங்காலத்துக்குள் கட்டாவிட்டால் தேர்வு எழுத முடியாது. மிளகு பறிக்கும் கூலிக்காரி அவள். நேராகக் கொல்லிமலைப் படிப்பு மையத்துக்கே வந்துவிட்டாள்.

"ஏனுங்க அம்மிணி, எல்லாருக்கும் இலவசம், எனக்கு மட்டும் காசுங்களா?"

விண்ணப்பத்துக்கு மென்பொருள் செய்த துறையூர் சபீரா அன்று மையத்தில் இருந்தாள். மடிக்கணினியைத் திருப்பிக் காட்டினாள். கட்டங்களும் அம்புக்குறிகளுமாகப் படம் வரைந்தால் போதும், நிரலைக் கணினியே எழுதிக்கொள்ளும். அதில் அவளுக்குப் பெருமை.

"பாருங்கக்கா, உங்க விண்ணப்பம் இந்த அம்பு வழியா வெளிநாட்டுக்காரங்க கட்டத்துக்குப் போயிருக்கு."

"நல்லாருக்குதே! கைநாட்டு வெச்ச வரைக்கும் உள்ளூர்க்காரியா இருந்தேன். எழுதப் படிச்சதும் வெளிநாட்டுக்காரி ஆயிட்டனா?"

"படம் சரியாத்தான் இருக்குங்க. விண்ணப்பத்தை யார் நிரப்பினது?"

"நானேதான். எழுத்துக்கூட்டி ஒரு மணி நேரம் தட்டுனேன்."

சபீரா விண்ணப்பத்தைத் திறந்தாள். 'நாடு' என்ற இடத்தில், பிழையே இல்லாமல், 'வாழவந்தி' என்று இருந்தது.

"எங்க மலையில பல ஊரு சேந்தா ஒரு நாடுங்க. எங்க ஊரு வாழவந்தி நாட்டுலதானுங்க இருக்குது. தப்புங்களா?"

"இல்லக்கா, தப்பு என்னுது. அம்பு போற வழியையே பாத்தேன், கட்டத்துல எழுதின சொல்லை யோசிக்கல. மலையில இன்னும் எத்தனை பேர் மாட்டியிருப்பாங்களோ! நல்லவேளை வந்தீங்க. ரொம்ப நன்றிங்க."

கேள்வியை 'நீங்கள் இந்தியரா?' என்று மாற்றினாள். பாவாயி 'ஆம்' என்பதைத் தொட்டாள். திரையில் வந்ததை விரல் வைத்துத் தானே படித்தாள்.

"பா...க்...கி... இல்லை."