பளிச்சென்ற ஜன்னல்

நட்சத்திரங்களின் நடுக்கத்தைக் கழித்துக் காட்டும் தொலைநோக்கிக் கண்ணாடியை, மலையுச்சி வானாய்வகக் குடியிருப்பின் ஜன்னல்களுக்கும் போட்டுவிட்டார்கள். காற்றின் கலக்கத்தை அளந்து நீக்குவதே செண்பகவல்லியின் உத்தியோகம் என்பதால், அவளுக்கு அதில் கொஞ்சம் பெருமை.

அன்று மத்தியானம், கீழே காட்டில் ரோந்து போயிருந்த அவள் கணவன் மகிழ்நன் போனில் கத்தினான்.

“வல்லி, ஒரே புகைடி! கண்ணே தெரியல. எந்தப் பக்கம் இறங்கட்டும்?”

ஜன்னல் வழியே காடு இலை இலையாகத் தெரிந்தது.

“ஓடைப் பக்கம் பளிச்னு இருக்குங்க. அப்படியே இறங்குங்க.”

அவன் ஓடும் சத்தம் கேட்டது. அதற்குள் அறைக்குள்ளும் கருகல் வாடை வர, அவள் பதறி ஜன்னலின் ஒரு கதவைத் திறந்தாள். ஓடைப் பக்கம்தான் எரிந்துகொண்டிருந்தது.

“என்னங்க, திரும்பிடுங்க!”

போனில் சடசடவென்று ஏதோ முறியும் சத்தம் மட்டும் கேட்டது. சாத்தியிருந்த மறுகதவின் கண்ணாடி, புகையையும் அனலையும் கழித்துவிட்டுக் காட்டைப் பச்சைப் பசேலென்று காட்டியது.