மென்சூர் மச்சானும் சரக்கு ரயிலும்

ரயில் நின்றே விட்டது.

இதுவரை ஊர்ந்துகொண்டாவது இருந்த சரக்கு ரயில், ரயில்வே கேட்டில் நின்ற எங்கள் காருக்கு நேர் எதிரே ஒரு துருப்பிடித்த பெட்டியை நிறுத்திவிட்டுப் பெருமூச்சு விட்டது.

"இதை ஓட்டுறவன் விளங்குவானா!" என்று மென்சூர் மச்சான் ஸ்டியரிங்கைக் குத்தினார். ஹாரன் அலறியது. பின்னால் நின்ற காரும் பதிலுக்கு அலறியது.

நான் பின் சீட்டில், மடியில் ஒரு தட்டு நிறைய இறைச்சி வைத்துச் சுருட்டிய சூடான பூரெக் ரொட்டியோடு உட்கார்ந்திருந்தேன். இடத்துக்காரருக்குக் கொடுக்க என் அக்கா ஃபிக்ரெத்தா விடியற்காலையில் எழுந்து சுட்டது.

நெடுஞ்சாலை ஓரத்துப் பெரிய உணவகம் வாடகைக்கு வந்திருந்தது. பத்து மணிக்குள் போய்க் கையெழுத்துப் போட்டால் மச்சானுக்கு. இல்லையென்றால் ஸியாதுக்கு.

போஸ்னியாவில் ஸியாதும் மச்சானும் பக்கத்துப் பக்கத்து வீடு. இங்கே அமெரிக்காவில், செயின்ட் லூயிஸில், எதிரெதிர்ச் சாப்பாட்டுக் கடை. ஸியாத் ஏற்கெனவே அங்கே போய் உட்கார்ந்து காபி குடித்துக்கொண்டிருப்பதாக ஒரு நண்பர் போன் செய்து வயிற்றெரிச்சலைக் கிளப்பியிருந்தார்.

மச்சான் கடையில் நாலே மேசை. ஒருவர் கழிவறைக்குப் போக வேண்டுமென்றால் இன்னொருவர் எழுந்து வழிவிட வேண்டும். அந்தப் பெரிய இடத்தில் கல்யாணமே நடத்தலாம். ஒரு வருடமாக வீட்டில் இதே பேச்சு. அக்கா சூப் ஊற்றும்போதுகூட அவர் கூரையைப் பார்த்து, அங்கே இல்லாத சரவிளக்கை ரசித்துக்கொண்டிருப்பார்.

ஆனாலும் மனுஷர் இறைவனிடம் கேட்காமல் எதுவும் செய்ய மாட்டார். முந்தின நாள் இஸ்திகாரா தொழுதார். 'இறைவா, இது எனக்கு நல்லதென்றால் இலேசாக்கிக் கொடு. கெட்டதென்றால் இதை என்னிடமிருந்து திருப்பிவிடு, என்னையும் இதனிடமிருந்து திருப்பிவிடு' என்று உருகிக் கேட்டார்.

விடிந்ததும் கார் கிளம்ப மறுத்தது. பக்கத்து வீட்டுக்காரர் பேட்டரிக்கு உயிர் கொடுத்தார். புதுச் சட்டையின் பொத்தான் தெறித்து விழுந்தது. தெருமுனையில் குழாய் பதிக்கப் பள்ளம் தோண்டி வைத்திருந்தார்கள். ஒவ்வொன்றுக்கும் மச்சான், "ஷைத்தான் வேலை" என்றார்.

இப்போது ரயிலைப் பார்த்தும் அதையே சொன்னார்.

"ஷைத்தான் ரயில்வேயில எப்ப வேலைக்குச் சேர்ந்தான்?" என்றாள் முன் சீட்டிலிருந்த அக்கா.

"நீ சும்மா இரு. அல்லாஹ் என்னைச் சோதிக்கிறான்."

"சோதிக்கவும் இல்ல, ஒண்ணும் இல்ல. நீங்க கேட்டீங்க, அவன் பதில் சொல்றான். காலையிலேர்ந்து சொல்லிட்டே இருக்கான். உங்களுக்குக் காது கேக்கலைன்னு இப்ப ரயிலையே கொண்டாந்து நிறுத்திட்டான். இதுக்கு மேல அவன் என்னதான் செய்வான், பாவம்!"

"அல்லாஹ்வைப் போய்ப் பாவம்ங்கிற! தௌபா செய், மன்னிப்புக் கேளு!"

ரயில் குலுங்கியது. மச்சான் முகம் மலர்ந்தது. கியரைப் போட்டார்.

ரயில் பின்னோக்கி நகரத் தொடங்கியது.

நான் சிரித்துவிட்டேன். கண்ணாடியில் அவர் பார்த்த பார்வைக்குப் பூரெக் தட்டு கருகியிருக்க வேண்டும்.

அப்போது போன் அடித்தது. எடுத்தார், கேட்டார், வைத்தார்.

"ஸியாத் கையெழுத்துப் போட்டாச்சாம்."

என்ஜினை அணைத்தார். அக்கா மெல்ல அவர் தோளில் கை வைத்தாள்.

"நஃபகா" என்றார் மச்சான்.

எங்கள் ஆட்கள் எதற்கும் சொல்லும் சொல் அது. அவரவருக்கென்று மேலே எழுதிவைத்த பங்கு. கிடைத்தாலும் நஃபகா, கைவிட்டுப் போனாலும் நஃபகா. மச்சான் அதை இதுவரை மற்றவர்களுக்குத்தான் தாராளமாகச் சொல்லியிருக்கிறார்.

"அது ஸியாதோட நஃபகா. நம்முது இல்ல. அல்ஹம்துலில்லாஹ்." டையைத் தளர்த்தினார். பிறகு கையைப் பின்னால் நீட்டினார். "டேய், அந்தத் தட்டைக் கொடு."

நெடுநாள் காய்ச்சல் விட்டு எழுந்தவர் மாதிரி சாப்பிட்டார். டையில் எண்ணெய் சொட்டியது, துடைத்துக்கொள்ளவில்லை.

"பாவம் ஸியாத்" என்றார் வாய் நிறைய. "அவ்வளவு பெரிய அடுப்பு, அத்தனை வேலையாளு. மனுஷன் இனிமே எங்க தூங்கப் போறான்?"

ரயில் போய் ஒருவழியாகக் கேட் உயர்ந்தது. பின்னால் ஹாரன்கள் கத்தின. மச்சான் சாவகாசமாகக் காரைத் திருப்பி, ஏதோ பாட்டை முனகியபடியே கடைக்கு ஓட்டினார். இறங்கியதும் கரியடுப்பைப் பற்றவைக்க உள்ளே ஓடினார். அவர் ஓடி நான் பார்த்து வெகுநாளாகிறது.

அவர் காதில் விழாத தூரம் போனபின் அக்காவைப் பிடித்தேன்.

"அக்கா, ஒரு தெரு தள்ளி மேம்பாலம் இருக்கே! மச்சான் இந்த ஊர்ல இருபது வருஷம் லாரி ஓட்டினவரு. அந்த ரயில் காலையில எப்பவும் அங்கதான் நிக்கும்னு அவருக்குத் தெரியாதா?"

"தெரியும்" என்றாள் அக்கா. "பாலத்துக்குத் திரும்ப இண்டிகேட்டர்கூட போட்டாரு. அப்புறம் அணைச்சிட்டு நேரா வந்துட்டாரு."

"பாத்துக்கிட்டுச் சும்மாவா இருந்த?"

அக்கா கடைக்குள் எட்டிப் பார்த்தாள். மச்சான் புகைக்கு நடுவே உரக்கப் பாடிக்கொண்டிருந்தார்.

"அணைச்ச கை அவரோடதுதான். அணைக்க வெச்சது யாருன்னு நான் எப்படிடா சொல்றது?"