புளிச்சகீரைப் பூ

செழியன் உள்ளே நுழைந்ததும் வாசற்கதவு அவன் சட்டையில் ஒட்டியிருந்த மகரந்தத்தைப் படித்துச் சொன்னது: "செம்பருத்திக் குடும்பம்தான். ஆனால் மகரந்தத் துகளின் முள் அமைப்பு வேறு. நம் வீட்டுச் செம்பருத்திச் செடியல்ல, புளிச்சகீரை."

அந்தக் குடியிருப்பில் புளிச்சகீரை வளர்ப்பவள் ஏழாம் மாடி மாதங்கி ஒருத்திதான்.

"காத்துல பறந்து வந்திருக்கும்," என்றான் செழியன்.

"இந்த மகரந்தம் பிசுபிசுன்னு இருக்கும். பறக்காது, உரசினாத்தான் ஒட்டும்," என்றாள் அவன் மனைவி சுடர்விழி.

மறுநாள் அவன் பூத்த புளிச்சகீரைத் தொட்டி ஒன்றை வாங்கிவந்து பால்கனியில் வைத்தான்.

"உனக்குப் புளிச்சகீரைன்னா உசிராச்சே!" என்றான் சுடர்விழியிடம்.

ஒரு வாரமாக, அவன் எழும் முன்பே சுடர்விழி அதன் பூ மொட்டுகளை ஒன்றுவிடாமல் கிள்ளி எறிகிறாள்; பால்கனியில் ஒரு பூவும் விரிவதில்லை.

மாலையில் அவன் உள்ளே நுழைந்ததும் கதவு தவறாமல் சொல்கிறது: "புளிச்சகீரை. நம் வீட்டுச் செடிதான்."