டிவிக்குள்ளே ஒரு நியாயம்

“அந்தச் சின்னப் பையனுங்க ரெண்டு பேரையும் முன்னால போடு. பந்து யாருகிட்ட இருந்தாலும் அவனுங்களுக்குத்தான் போகணும்!”

உடையப்பன் கத்தியது திடலில் அல்ல. தோட்டத்து கிளப்பில், டிவிக்கு முன்னால்.

தோட்டத்து ஆபீசில் கணக்கெழுதும் கிராணியின் மகன், ரவாங் டவுனில் வேலை செய்பவன், ஒரு பழைய கம்ப்யூட்டரைக் கொண்டுவந்து டிவியோடு மாட்டியிருந்தான். கேசட்டைப் போட்டால் ஐந்து நிமிடம் கீச் கீச்சென்று கத்தும். பிறகு பந்து விளையாட்டு வரும். நாம் உதைக்க வேண்டியதில்லை. ஆளை வாங்குவது, விற்பது, யாரை எங்கே நிறுத்துவது என்று முடிவு செய்வது, அவ்வளவுதான். தோட்டத்து டீமுக்குக் கோச்சாக இருக்கும் உடையப்பன் ஒரு மாதமாக அதுவே கதி என்று கிடந்தான்.

“வயசானவன எல்லாம் வித்துட்டேன்லா,” என்றான் பெருமையாக. “பதினேழு வயசுல ரெண்டு பேரு. மொத்த டீமும் அவனுங்கள நம்பித்தான்.”

கோல் விழுந்தது. கிளப்பே கைதட்டியது.

தங்கமணி வாசலில் வந்து நின்றாள்.

“ஏன் தம்பி, டிவிக்குள்ள இருந்தாத்தான் ஒனக்குப் புள்ளைங்களா?”

“வாங்கக்கா.”

“வர்றது இருக்கட்டும். எம்மவன் கார்த்திகேசுக்கும் பதினேழு வயசுதான். இந்தத் தோட்டத்துல அவன மாதிரி ஓடுறவன் யாரு?”

“யாருமில்லக்கா.”

“அப்புறம் ஏன் அவனையும் அவன்கூடப் படிக்கிற சேதுவையும் ரெண்டு மேட்சா பெஞ்சுல குந்த வச்சிருக்க?”

உடையப்பன் திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. “கார்த்தி ஒழுங்கா ஸ்கூலுக்குப் போறானா?”

“பேச்ச மாத்தாத. நாளைக்கு ஃபைனலு. தொரை வர்றாரு. கோல் போட்டவனுக்கு வேலை குடுப்பாரு. போன வருஷம் சன்னாசி மவன் ரெண்டு போட்டான், மறுநாளே வேலைக்குப் பேர் பதிஞ்சாச்சு. எனக்கு முட்டி போச்சு தம்பி. இன்னும் எத்தன நாளைக்கு ரப்பர் மரத்தச் சுத்துவேன்? அவனுக்கு ஒரு வேலை கெடச்சா நான் உக்காருவேன்.”

“நாளைக்கு முன்வரிசையில நான் ஆடுறேன்க்கா.”

கிளப்பில் ஒரே சிரிப்பு.

“முப்பத்தெட்டு வயசுல அண்ணன் ஓடுனா, அவர் வர்ற வரைக்கும் பந்து நின்னு காத்திருக்கணும்லா!” என்றது ஒரு குரல்.

தங்கமணி சிரிக்கவில்லை. “ஒன் கம்ப்யூட்டர்ல ஒன் வயசுக்காரன் ஒருத்தனக் காட்டு, பாப்போம்.”

“எல்லாரையும் வித்தாச்சுக்கா.”

“ஒன்ன வாங்கத்தான் ஆளில்ல. அதான் இங்கேயே கெடக்க!”

உடையப்பன் அடுத்த மேட்சுக்குப் பட்டனைத் தட்டினான்.

மறுநாள் காலை தங்கமணி கார்த்திகேசுவின் பூட்ஸைத் துடைத்துப் பளபளப்பாக்கினாள். எப்படியாவது அவனை இறக்கிவிடுவது என்று முடிவு கட்டிவிட்டாள்.

“கோச் எறக்க மாட்டாரும்மா.”

“நான் எறக்க வைக்கிறேன். நீ கோல் போடு, போதும்.”

“போட்டு வேலை கெடச்சுதுன்னா நாளைக்கே ஸ்கூலுக்கு முழுக்குத்தாம்மா!” பையன் குதித்தான்.

முட்டியில் தைலத்தைத் தேய்த்துக்கொண்டு, திடலில் பெஞ்சுக்கு நேர் பின்னால் போய் நின்றாள்.

முதல் பாதியிலேயே எதிர் டீமான ஜெராம் தோட்டத்துக்காரர்கள் ஒரு கோல் போட்டுவிட்டார்கள். உடையப்பன் காலுக்கு வந்த பந்து இரண்டு முறையும் வானத்துக்குப் போனது.

“புள்ளைய எறக்கு!” என்று கத்தினாள் தங்கமணி.

“அம்மா, அசிங்கமா இருக்கு. சும்மா இருங்க,” என்றான் கார்த்திகேசு.

அவள் சும்மா இருக்கவில்லை. லயத்து வீட்டுப் பெண்கள் எல்லாரையும் சேர்த்துக்கொண்டு கத்தினாள். பையன் தானாகவே எழுந்து கால்சட்டையைத் தட்டிவிட்டுக்கொண்டான். உடையப்பன் மூச்சிரைக்க ஓடிக்கொண்டே, ‘உக்காரு’ என்று கையைக் காட்டினான்.

இரண்டுக்குப் பூஜ்யம். தோற்றாயிற்று.

தொரை ஜெயித்தவர்களுக்குக் கோப்பையைக் கொடுத்துவிட்டுக் காரில் ஏறினார். இந்தப் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

“ஒரு கோல் போடத் துப்பில்லாதவனெல்லாம் கோச்சு!” என்று யாரோ துப்பிவிட்டுப் போனார்கள்.

தங்கமணி நொண்டிக்கொண்டே திடலைக் கடந்தாள். உடையப்பன் புல்லில் உட்கார்ந்திருந்தான்.

“திருப்தியா? எம்மவன் சோத்துல மண்ண அள்ளிப் போட்டுட்டியே!”

“கார்த்திக்கு எஸ்.பி.எம். பரீட்சை எப்பக்கா?”

“அடுத்த மாசம். அதுக்கென்ன இப்போ?”

“அது முடியட்டும். அப்புறம் எந்த மேட்ச்னாலும் முன்னால அவனும் சேதுவும்தான்.”

“அதுக்குள்ள வேலை போயிருமேப்பா!”

“போகட்டும்க்கா. அந்த டிவிக்குள்ள சின்னப் பையன் கோல் போட்டா, பெரிய டீமு வந்து கூட்டிக்கிட்டுப் போகும். இங்க போட்டா, மறுநாளே பால்மரம் சீவுற கத்தியக் கையில குடுத்துருவாங்க. புள்ளையும் சந்தோஷமா பொஸ்தகத்தத் தூக்கிப் போட்டுட்டு வாங்கிக்கும்.”

“பெருசா கண்டவன் மாதிரி பேசாத. ஒனக்கென்ன தெரியும்?”

உடையப்பன் ரப்பர் பால் கறை ஏறிய விரல்களால் பூட்ஸ் கயிற்றை அவிழ்த்தான்.

“பதினேழு வயசுல, இதே திடல்ல, இதே ஃபைனல்ல, நான் மூணு கோல் போட்டேன்க்கா.”