கிழக்கு என்று ஒட்டிய மீட்டர்

மீட்டரில் நானூற்றுப் பன்னிரண்டு ரூபாய் மீதி இருந்தது. வீட்டில் கரண்ட் இல்லை.

அவள் பொத்தானை மறுபடி அழுத்தினாள். முதல் அழுத்தலுக்கு மீதிப் பணம். இரண்டாவதற்கு இந்த நொடியில் வீடு இழுக்கிற வாட்ஸ்.

அறுபது.

ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணி. மாடியில் மாவு பாதி அரைபட்டுக் கிரைண்டரில் கிடந்தது. மெயினையும் அணைத்துவிட்டுத்தான் இறங்கி வந்திருந்தாள்.

அப்படியானால் எது இழுக்கிறது?

எலெக்ட்ரீஷியன் சுடலைமணி பலகையைக் கழற்றி ஒவ்வொரு ஒயராகத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார். அவள் பக்கத்தில் நின்று பொருமினாள்.

இந்த மீட்டர் வந்த ஆறு மாதமாகவே அவளுக்கு நிம்மதி இல்லை. போனில் பணம் போட்டால் எரியும், தீர்ந்தால் தானே அணையும். எளிதுதான். ஆனால் ஐந்து நாள் வீட்டைப் பூட்டி, மெயினை அணைத்துவிட்டுக் கல்யாணத்துக்குப் போய் வந்தால், பதினெட்டு யூனிட் எரிந்திருந்தது.

மாடியில் இருப்பதே இரண்டு வீடு. எதிர்வீட்டில் ஜெசிந்தா, துணி தைக்கிறவள், தனி ஆள்.

வேறு யாரைச் சந்தேகப்பட?

படிக்கட்டில் நின்று, தெருவுக்கே கேட்கிற மாதிரி, கரண்டுத் திருடி என்று கத்தியிருந்தாள். ஜெசிந்தா கதவைச் சாத்திக்கொண்டாள். அதோடு இரண்டு மாதமாகப் பேச்சு இல்லை.

சுடலைமணி நிமிர்ந்தார்.

“யக்கா, இது ஒங்க மீட்டரே இல்ல. எதுத்த வீட்டுக்குல்லா போவுது.”

“கிழக்குன்னு ஒட்டியிருக்குல்லா? எங்க வீடுதான கிழக்கு வீடு?”

“ஒங்க வாசல்தான் கிழக்க பாத்து இருக்கு. வீடு இருக்கது மேக்க. மாட்டுனவன் வீடு எந்தப் பக்கம்னு பாத்து ஒட்டிட்டுப் போயிட்டான்.”

கிழக்கு பார்த்த வாசல் என்றுதான் வாடகையில் ஐந்நூறு கூடக் கொடுத்து வந்தாள். வீட்டுக்காரர், பால்காரர், தபால்காரர் எல்லோருக்குமே அது கிழக்கு வீடுதான்.

பக்கத்து மீட்டரில் மேற்கு என்று ஒட்டியிருந்தது. அதில் மீதி சைபர். அதுதான் அவள் வீட்டு மீட்டர். அதற்குப் பணம் போட்டுக்கொண்டிருந்தவள் ஜெசிந்தா.

ஆறு மாதமாக இவளுடைய ஃபிரிட்ஜுக்கும் கிரைண்டருக்கும் ஜெசிந்தா கட்டியிருக்கிறாள். ஃபிரிட்ஜே இல்லாத ஜெசிந்தா.

அவளுக்கு யாரும் பார்க்காத இடத்துக்குப் போய்விட வேண்டும் போலிருந்தது.

பிறகுதான் மற்றது உறைத்தது.

பக்கத்து மீட்டரை ஓரக்கண்ணால் பார்ப்பது அவள் வழக்கம். நூறு ரூபாய்க்குக் கீழே ஜெசிந்தா ஒருநாளும் இறங்கவிட்டதில்லை.

இந்த முறை ஏன் சைபர் வரை விட்டாள்?

அவள் கிழக்கு மீட்டருக்குத் திரும்பினாள். மூன்றாவது அழுத்தலுக்கு முந்தைய நாட்களின் யூனிட் கணக்கு வரும்.

சனி: 1.44.

வெள்ளி: 1.44.

வியாழன்: 1.44.

புதன்: 3.20.

“தெனம் ஒரே அளவா? அறுபது வாட்ஸ் ராத்திரியும் பகலும் ஓடுனா அதான் வரும்,” என்றார் சுடலைமணி. “ஒரு டேபிள் ஃபேன். வேற ஒண்ணும் போடல.”

தையல் மெஷின் மோட்டார் இல்லை. தேய்ப்புப் பெட்டி இல்லை. மூன்று ராத்திரியாக ஒரு விளக்கும் இல்லை.

எதிர்க்கதவு நாலு நாளாகத் திறக்கவில்லை என்பது அவளுக்குத் தெரியும். ஊருக்குப் போயிருப்பாள் என்று நினைத்தாள். நல்லதுதான் என்றும் நினைத்தாள்.

மாடிக்கு ஓடினாள்.

ஜெசிந்தா வெளியே போனால் பூட்டு தொங்கும். இப்போது பூட்டு இல்லை. தள்ளினாள். உள்ளே தாழ்ப்பாள்.

தட்டினாள். சத்தம் இல்லை. கதவில் காதை வைத்தாள். ஃபேன் மட்டும் ஓடியது.

“ஜெசிந்தா!”

ஃபேன் சத்தம் நின்றது.

கீழேயிருந்து சுடலைமணியின் குரல்: “யக்கா, வாட்ஸ் சைபர் ஆயிட்டு!”

பேச்சு இருந்த நாளில் அந்த ஃபேனைப் பார்த்திருக்கிறாள். தரையில், பாய்க்குப் பக்கத்தில், கைக்கு எட்டுகிற மாதிரி இருக்கும்.

“ஜெசிந்தா, நான் சொல்றது கேக்கா? கேட்டா ஃபேனப் போடு.”

அவள் மூச்சைப் பிடித்துக்கொண்டாள். உள்ளே எதுவும் அசைகிற சத்தமில்லை.

வெகுநேரம் கழித்து, கீழேயிருந்து: “அறுபது!”

“விழுந்துட்டியா? விழுந்துட்டன்னா அமத்து.”

“சைபர்!”

“கதவ ஒடைக்கோம். பயப்படாத. வந்துட்டோம்.”

சுடலைமணி கடப்பாரையோடு மேலே ஓடிவந்தார். பழைய தேக்குக் கதவு. முதல் அடிக்கு அசையவில்லை. இரண்டாவதற்கும் அசையவில்லை. மூச்சு வாங்க அவர் ஒரு நிமிடம் நின்றார்.

அந்த இடைவெளியில் அவள் கதவோடு முகத்தை ஒட்டிக்கொண்டாள். உள்ளே ஃபேன் சத்தம் இல்லை.

“எம்மேல கோவமில்லன்னா ஃபேனப் போடு,” என்றாள்.

காத்திருந்தாள்.

தெருவில் கீரைக்காரி கூவிக்கொண்டு போனாள். இவள் கதவிலிருந்து வலது காதை எடுத்துவிட்டு இடது காதை வைத்துப் பார்த்தாள்.

“தள்ளுங்கக்கா,” என்றார் சுடலைமணி.

“ஒரு நிமிஷம் பொறுங்க,” என்றாள்.