எட்டுச்செலவுக் குழம்பு

என் மனைவி கோகுலவாணி இறந்த எட்டாம் நாள் எட்டுச்செலவுக்கு, அவளைப் பெற்ற மாமி அவளுக்குப் பிடித்த சூடைமீன் குழம்பு வைத்தார். படைக்கிற சாப்பாட்டில் முன்கூட்டியே உப்புப் பார்ப்பதில்லை. வாழையிலையில் படைத்து, கதவைச் சாத்தி, அவள் சாப்பிட நேரம் கொடுத்தோம். பிறகு மாமி உட்பட எல்லோரும் பந்தியில் இருந்தோம்.

மீன் அழுகியிருந்தது. துறைமுகத்தில் இறங்குதுறைக்கு அடியில் தேங்கும் தண்ணீரின் நாற்றம்.

"கோகுலான்ர கைருசி அப்பிடியே இருக்கு" என்றார் பெரியமாமா.

"ஓம், அவள்தான் வந்து வச்சிருக்கிறாள்" என்றாள் அவருடைய மகள். சற்று முன்னர்தான் மூக்கைச் சுளித்தவள்.

ஒவ்வொருவராக அதையே சொன்னார்கள். விரல்களை நக்கினார்கள். மாமி என்னைப் பார்த்தார்.

"தம்பி, நீங்கள் ஒண்டும் சொல்லேல்லை."

அவளுடைய சமையலின் ருசி என் நாக்கில் இன்னும் இருந்தது. அவளில் எனக்கு மிஞ்சியது அது மட்டும்தான்.

மச்சினன் முழங்கையால் இடித்தான். "ஓம் எண்டு சொல்லுங்கோ அத்தான். அம்மா அழப்போறா."

"ஓம் மாமி, அவளின்ர கைதான்" என்று சொல்லி விழுங்கினேன்.

அடுத்த வாய் ருசித்தது. அவளுடைய சமையலின் பழைய ருசி எப்படி இருந்தது என்று யோசித்தேன். நினைவு வரவில்லை.

சமைத்த குசினியில் யாரும் இல்லை; எல்லோரும் பந்தியில்தான் இருந்தோம். பின்னாலிருந்து அதே துறைமுக நாற்றத்தோடு ஈரமான ஒரு கை நீண்டு, என் இலையில் இன்னொரு மீனை வைத்தது. யாரும் நிமிர்ந்து பார்க்கவில்லை.

நானும் பார்க்கவில்லை.